இடியும் புளியும் ஒரு ‘சரி’யும்

அந்த ஆளுக்கு மெதுவாகப் பேச வராது. முயற்சி பண்ணிப் பார்த்து வராமல் போனது இல்லை. அப்படி ஒரு பேச்சு உலகத்தில் இருப்பதே அவருக்கு ரொம்ப நாள் தெரியாது. அப்பா தறி மில்லில் இருபது வருஷம் நின்று காது மந்தமானவர். வீட்டில் உப்பு கேட்பதென்றாலும் தெரு முனைக்குக் கேட்கிற மாதிரிதான் கேட்க வேண்டும். அதற்கப்புறம் வாய்த்த வேலையும் அதற்குத் தோதாக அமைந்தது. லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. கட்டடத்தின் உச்சியில் மோட்டார் ரூமில் ஒருத்தன், தரைக்குக் கீழே குழிக்குள் ஒருத்தன், நடுவில் நூறடிக்கு மேல் வெறும் பள்ளம். வாக்கி டாக்கி வருவதற்கு முன்னால் அந்தப் பள்ளத்துக்குள் தலையை நீட்டிக் கத்தித்தான் எல்லாம் நடந்தது. கத்தத் தெரியாதவன் அங்கே பிழைக்க முடியாது. இவர் பிழைத்தார். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர் ஐம்பத்து நாலு வயதில் ஃபோர்மேன். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்.

கம்பெனியில் அவருக்கு ‘இடி’ என்று பேர். முதலில் முதுகுக்குப் பின்னால் மட்டும் அப்படிச் சொன்னார்கள். போகப் போக நேரிலேயே ‘இடி அண்ணே’ ஆகிவிட்டது. அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை. இடி என்றால் நல்லதுதானே, நாலு ஊருக்குக் கேட்கும் என்பார்.

மனுஷர்களைப் பற்றி அவருக்கு ஒரு தீர்மானம் இருந்தது. படபடவென்று பேசிவிடுகிறவன் மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டான். பேசாதவன் அழுத்தக்காரன், உள்ளே எதையோ வைத்திருக்கிறான். சும்மா சும்மா கேள்வி கேட்கிறவன் வேலைக்கு டிமிக்கி கொடுக்கப் பார்க்கிறான். இவ்வளவுதான். இதற்கு மேல் மனுஷரில் வகை இருப்பதாக அவர் நினைத்ததில்லை.

அவர் கோஷ்டியில் இருந்த இரண்டு பேரும் இந்தத் தீர்மானத்துக்கு அளவெடுத்துச் செய்த மாதிரி இருந்தார்கள்.

ஒருத்தன் ‘வக்கீல்’. மழை வருது, உள்ளே வா என்றால், எந்தப் பக்கத்திலிருந்து வருது என்று கேட்பான். பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுடா என்றால், ஏன், பன்னிரண்டு போட்டுப் பார்த்தாச்சா என்பான். வேலை நன்றாகவே தெரியும். ஆனால் ஒரு கேள்வியாவது கேட்காமல் அவன் கை நகராது.

இன்னொருத்தன் ‘புளி’. எதைச் சொன்னாலும் முகத்தில் ஒன்றும் தெரியாமல் இடிச்ச புளி மாதிரி உட்கார்ந்திருப்பான் என்பதால் வந்த பேர். “இடி விழுந்து விழுந்துதான் இவன் இடிச்ச புளி ஆனான்” என்று வக்கீல் ஒருநாள் சொல்லிவிட, அலுவலகமே ஒரு வாரம் சிரித்தது. புளி சிரித்தானா என்று யாருக்கும் தெரியவில்லை. நாற்பது வயசு. இடியோடு ஒன்பது வருஷமாக வேலை பார்க்கிறான். இடி வேலை செய்யும்போது திரும்பிப் பார்க்காமல் கையை நீட்டுவார். எந்த ஸ்பேனர் வேண்டுமோ அது உள்ளங்கையில் வந்து உட்காரும். இவர் கேட்டதும் இல்லை, அவன் சொன்னதும் இல்லை. குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிற மாதிரி அதை எடுத்துக்கொண்டாரே ஒழிய, ஒருத்தன் தன்னைக் கவனித்துக்கொண்டே இருக்கிறான் என்று அவருக்குத் தோன்றவில்லை.

புளியின் வாயிலிருந்து வருகிற வார்த்தை மூன்று. ஆமா, இல்ல, சரி. இந்தச் சரிதான் பின்னால் எல்லாவற்றையும் இழுத்துவிட்டது.

அன்றைக்குப் போன இடம் ஒரு பதினோரு மாடிக் குடியிருப்பு. தரைத்தளத்தில் வந்து நிற்கும்போது லிஃப்ட் ‘டொக்’ என்று தட்டுகிறது என்று புகார். குழிக்குள் இருக்கிற ஸ்பிரிங்கைப் பார்க்க வேண்டும். புளி உச்சியில் மோட்டார் ரூமுக்குப் போனான். இடியும் வக்கீலும் கீழே நின்றார்கள். லிஃப்ட் ஆறாவது மாடியில் நின்றுகொண்டிருந்தது.

குழிக்குள் இறங்குவதற்கு இரண்டு சட்டம் உண்டு. மேலே இருப்பவன் மெயின் சுவிட்சை இறக்க வேண்டும். கீழே இறங்குகிறவன், கதவைத் திறந்ததும் உள்சுவரில் இருக்கிற சிவப்பு பட்டனைத் தன் கையால் அமுக்க வேண்டும். அமுக்கிவிட்டால் யார் எங்கே எதைத் தட்டினாலும் லிஃப்ட் அசையாது. இடி இந்த இரண்டாவது சட்டத்தை விட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. “மேல தலையையே வெட்டியாச்சு, கீழ வாலை எதுக்குப் பிடிக்கணும்?” என்பார்.

சாவி போட்டுத் தரைத்தளக் கதவைத் திறந்தார். வாக்கி டாக்கியை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். அந்தக் குரலுக்கு அது தேவையே இல்லை.

“புளி! நான் குழிக்குள்ள இறங்குறேன்! மெயினை இறக்கு!”

“சரி.”

கால் வைக்கப் போனார். வக்கீல் விடவில்லை.

“அண்ணே, சிவப்பு பட்டன் அமுக்கலையே?”

“எதுக்கு?”

“அமுக்க வேணாமா? வேணாம்னா எதுக்கு வெச்சிருக்காங்க?”

“உன்னை மாதிரி ஆளுங்க கேள்வி கேக்கறதுக்குத்தான் வெச்சிருக்காங்க. வண்டில கிரீஸ் டப்பா இருக்கு, போய் எடுத்துட்டு வா.”

“பெரிய டப்பாவா, சின்ன டப்பாவா?”

“போடா!”

வக்கீல் போனான். இடி இறங்கினார். மேலே ஒரு சின்னப் பெண் தாயின் கையை உதறிக்கொண்டு வந்து குழிக்குள் எட்டிப் பார்த்தது. விழுந்து வைக்கப் போகிறது என்று இவர் உள்ளேயிருந்தே கதவை இழுத்துச் சாத்தினார். கதவு திறந்திருக்கிற வரைக்குமாவது லிஃப்ட் நகராது. இப்போது அதுவும் இல்லை.

டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு ஸ்பிரிங்கைத் தடவிக்கொண்டிருந்தபோது கயிறு ஓடுகிற சத்தம் கேட்டது. இருபத்தாறு வருஷமாகக் கேட்கிற சத்தம். தலைக்கு மேலே இருந்த கொஞ்சநஞ்ச வெளிச்சத்தை மூடிக்கொண்டு பெட்டி இறங்கி வந்தது. பட்டனுக்குக் கை எட்டவில்லை. மூலையில் ஒடுங்கி உட்கார்ந்தார். இடது கையை இழுத்துக்கொள்ள நேரமில்லை. பெட்டியின் அடித்தகடு அதைச் சுவரோடு வைத்து நசுக்கியது. மணிக்கட்டு இரண்டு இடத்தில் உடைந்தது. பெட்டி தரைத்தளத்தில் நின்றது. தலைக்கு ஒரு சாண் மேலே கதவு திறந்து, செருப்பு சரசரக்க யாரோ இறங்கிப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடங்கியது. சட்டைப் பையிலிருந்த வாக்கி டாக்கியில் புளியின் குரல் வந்தது.

“நிறுத்தியாச்சு.”

அதற்கு இடி சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆறு வாரம் ஓய்வு. இரண்டாம் நாள் கம்பெனியிலிருந்து இன்ஜினியர் மேடம் போன் பண்ணினாள். முப்பது வயசுப் பெண். பேச்சை நம்பமாட்டாள், எழுத்தைத்தான் நம்புவாள். குட்மார்னிங் சொன்னால்கூட எழுதிக் கொடுங்கள் என்று கேட்பாள் என்று ஆட்கள் கிண்டல் பண்ணுவார்கள்.

“விசாரணை நடக்குது, ஃபோர்மேன். புளியை வேலைக்கு வர வேணாம்னு சொல்லியிருக்கோம். உங்க வாக்குமூலம் வந்ததும் முடிவு பண்ணிடுவோம். வெள்ளிக்கிழமைக்குள்ள எழுத்துல வேணும்.”

“என்ன முடிவு மேடம்?”

“நிறுத்தச் சொன்னீங்க, சரின்னிருக்கார், நிறுத்தல. இதுல வேற என்ன முடிவு இருக்கு? வேலையை விட்டு எடுக்க வேண்டியதுதான்.”

“அவன் என்ன சொல்றான்?”

“ஒண்ணும் சொல்லல. எவ்வளவோ கேட்டாச்சு. ‘அண்ணன் வரட்டும்’கிறார். அவ்வளவுதான். பயம் போல.”

இடிக்கு அதில் சந்தேகமே இல்லை. அழுத்தக்காரன். மாட்டிக்கொண்டதும் வாயை மூடிக்கொண்டான். இந்த லைனில் ஒரு கம்பெனியில் விபத்து வழக்கில் வெளியே அனுப்பப்பட்டவனை இன்னொரு கம்பெனி வாசலில் நிற்க விடாது. அது இடிக்குத் தெரியும். தெரிந்தும் இரக்கம் வரவில்லை. கையில் வலி விண்விண்ணென்று தெறித்தது. “சரின்னானே! சரின்னுட்டுத்தானே செஞ்சான்!” என்று வீடு முழுக்கக் கத்திக்கொண்டு நடந்தார். மனைவிக்கு மூன்று நாளில் அந்த வாக்கியம் மனப்பாடம் ஆகிவிட்டது.

புதன்கிழமை காலை, கூடத்தில் உட்கார்ந்தபடி அடுக்களையைப் பார்த்துக் கத்தினார்.

“குளிக்கணும், வெந்நி வை!”

“சரி.”

கால் மணி நேரம் ஆனது. வெந்நீர் வரவில்லை. எழுந்து போய்ப் பார்த்தால் அவள் துணி மடித்துக்கொண்டிருக்கிறாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

“என்ன, சரின்னியே?”

“சரின்னேன்.”

“வெந்நி எங்க?”

“வெப்பேன். இதை முடிச்சிட்டு.”

“அப்ப எதுக்கு சரின்ன?”

“காதுல விழுந்துச்சுன்னு சொன்னேன். ஒண்ணும் சொல்லலன்னா நீங்க மறுபடி கத்துவீங்க. பக்கத்து வீட்டுக்காரங்களே வெந்நி கொண்டாந்து வெச்சிடுவாங்க.”

“சரின்னா சரிதானே! அதுல என்ன காதுல விழுந்த சரி, விழாத சரி?”

அவள் மடித்த புடவையைக் கீழே வைத்தாள். “ஏன் இல்ல? உங்க தம்பியை நம்ம வீட்டோட வெச்சுக்கறதுன்னு நீங்களே முடிவு பண்ணிட்டு வந்து சொன்னீங்களே, அன்னிக்கு ஒரு சரி சொன்னேன். ஞாபகம் இருக்கா?”

“இருக்கு. சரின்ன.”

“அது எனக்குப் பிடிக்கலங்கற சரி.”

“சொல்ல வேண்டியதுதானே?”

“அதான் சொன்னேனே, சரின்னு. வேற யாரா இருந்தாலும் அந்தச் சரியைக் கேட்டுட்டு, ஏம்மா என்னன்னு ஒரு வார்த்தை கேட்டிருப்பாங்க. நீங்க போய்த் தம்பியோட பெட்டியைத் தூக்கிட்டு வந்துட்டீங்க.”

தம்பி நாலு வருஷம் அந்த வீட்டில் இருந்தான். இடி பேசாமல் நின்றதைப் பார்த்து அவளுக்கே பயம் வந்துவிட்டது. “என்னங்க, கை வலிக்குதா?” என்றாள்.

கை வலிக்கவில்லை. மோட்டார் ரூமில் இருக்கிற ஒருத்தனின் சரி எந்தச் சரி என்று யோசித்துக்கொண்டிருந்தார். ஒன்பது வருஷத்தில் முதல் தடவை.

அன்று மத்தியானம் வக்கீல் வந்தான். நலம் விசாரிக்க வந்தவன் கேள்வியோடுதான் வந்தான்.

“அண்ணே, நீங்க குழிக்குள்ள இருக்கும்போது லிஃப்ட்லேர்ந்து யாராவது இறங்கினாங்களா?”

செருப்புச் சத்தம் ஞாபகம் வந்தது. “ஆமா. யாரோ இறங்கினாங்க.”

“ஆறாவது மாடி டீச்சரம்மா. போய்க் கேட்டேன்.”

“உன்னை யாரு கேக்கச் சொன்னா?”

“யாராவது சொன்னாத்தான் கேக்கணுமா? சரி, நீங்க சொல்லுங்க. ஆள் உள்ள ஏறி கதவு மூடினப்புறம் மெயினை இறக்கினா என்ன ஆகும்?”

“உள்ள இருட்டுல மாட்டிக்குவாங்க.”

“அப்ப புளி என்ன பண்ணியிருப்பான்?”

வக்கீல் அடுத்ததைக் கேட்டான். இது கொஞ்சம் தாழ்ந்த குரலில் வந்தது. “அண்ணே, சிவப்பு பட்டன் பத்தி மேடம் என்கிட்ட இன்னும் கேக்கல. கேட்டா நான் என்ன சொல்லணும்?”

“நடந்ததைச் சொல்லு.”

“அப்ப உங்க ஃபோர்மேன் வேலை?”

“நீ கெளம்பு.”

இதுவரைக்கும் அவன் கேட்ட கேள்வியெல்லாம் வேலைக்கு டிமிக்கி கொடுப்பதற்கு என்றே நினைத்திருந்தார். அன்றைக்குக் குழி வாசலில் கேட்டதும் அதே மாதிரி ஒரு கேள்விதான். அதைக் காதில் வாங்கியிருந்தால் கை உடையாமல் இருந்திருக்கும். ஒருத்தனுக்கு அக்கறை கேள்வியாகத்தான் வாயில் வரும் போலிருக்கிறது. என்ன பிறவியோ.

வியாழக்கிழமை சாயங்காலம் கட்டுப்போட்ட கையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு புளியின் வீட்டுக்குப் போனார். ஒன்பது வருஷத்தில் அந்த வீட்டுப் படியை மிதிப்பது அதுதான் முதல் தடவை. மூன்றாவது மாடியில் இரண்டு அறை. லிஃப்ட் கிடையாது. புளி ஒரு மின்விசிறியைப் பிரித்துத் தரையில் பரப்பி வைத்திருந்தான். ஒவ்வொரு திருகும் கழற்றின வரிசையில் காகிதத்தின் மேல் இருந்தது. இவரைப் பார்த்ததும் எழுந்து நின்றான். அவன் மனைவி நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

“உக்காருங்கண்ணே. இவர் நாலு நாளா இப்படித்தான். வீட்டுல இருக்கற எல்லாத்தையும் கழட்டிட்டார். நான் மட்டும்தான் பாக்கி.”

இடி வழக்கம்போல ஆரம்பித்தார். “ஏன்டா, மேடம் கேட்டா பதில் சொல்ல மாட்டியா? வாயில என்ன கொழுக்கட்டையா? ஆள் உள்ள இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதானே? சொன்னா என்ன குறைஞ்சா போயிடுவ? நீயா வந்து எனக்காவது ஒரு போன் பண்ணியிருக்கலாமில்ல? உன்னால எனக்கு...”

புளி கேட்டுக்கொண்டு நின்றான். இடி சட்டென்று நிறுத்தினார். இவன் பதில் சொல்லாமல் நிற்பது அழுத்தம் இல்லை, தன் பேச்சு முடியட்டும் என்று நிற்கிறான் என்பது அந்த இடத்தில்தான் அவருக்கு உறைத்தது. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். அவருக்கு அது லேசான வேலை இல்லை. மனசுக்குள்ளே ஏதோ ஒரு மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. அடுக்களையில் பாத்திரம் விழுந்தது. யாரோ படியேறிப் போனார்கள். புளி இன்னும் பேசவில்லை.

கடைசியில் பேசினான்.

“சுவிட்சுல கை வெச்சேன். ஆறாவது மாடில ஆள் ஏறினது விளக்குல தெரிஞ்சுது. இறங்கட்டும்னு நின்னேன். கீழ்க்கதவு மூடின விளக்கு எரிஞ்சுது. அண்ணன் கதவை மூடிட்டு வெளிய நிக்கறார்னு நெனச்சேன்.”

இத்தனை வார்த்தையை அவன் ஒரே மூச்சில் சொல்லி இடி கேட்டதில்லை.

“அப்ப எதுக்குடா முதல்லயே சரின்ன?”

“நீங்க சொன்னது கேட்டுச்சுன்னு.”

“நிறுத்தினதை எப்ப சொல்லுவ?”

“நிறுத்தினதும். ‘நிறுத்தியாச்சு’ன்னு.”

“அன்னிக்கு மட்டுமா?”

“எப்பவும்.”

“எப்பவுமா? நான் ஒருநாள்கூடக் கேட்டதில்லையே!”

புளி தன் வலது கைக் கட்டைவிரலை மடக்கிக் காட்டினான். வாக்கி டாக்கியில் பேச வேண்டுமானால் பக்கவாட்டுப் பட்டனை அமுக்கிப் பிடிக்க வேண்டும். பிடித்திருக்கிற வரைக்கும் எதிராளி பேசுவது காதில் விழாது. ஒருத்தர் விட்டால்தான் இன்னொருத்தர். சரி என்ற சத்தம் வந்ததும் இடியின் விரல் மறுபடி பட்டனுக்குப் போய்விடும். அடுத்த கட்டளை, அதற்கடுத்த கட்டளை, நடுவில் வக்கீலுக்கு இரண்டு திட்டு. அந்த நேரத்தில் உச்சியில் ஒருத்தன் நிறுத்தியாச்சு, நிறுத்தியாச்சு என்று ஒன்பது வருஷமாக யாருக்கும் கேட்காமல் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான். மற்ற நாளில் இரண்டு வார்த்தைக்கும் நடுவில் மூன்று செகண்டுதான் இடைவெளி. அதனால் ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்கு இரண்டு மூன்று நிமிஷம் ஆகிவிட்டது.

“இதை மேடம்கிட்டச் சொல்ல வேண்டியதுதானே?”

“சொன்னா சிவப்பு பட்டன் பத்திக் கேப்பாங்க. நீங்க இல்லாத இடத்துல அதை எப்படிச் சொல்றது?”

அண்ணன் வரட்டும் என்றதற்கு அதுதான் அர்த்தம். இடி எழுந்தார். நல்லதாக நாலு வார்த்தை சொல்லலாம் என்று வாயைத் திறந்தார். அந்த மாதிரி வார்த்தை அவரிடம் கைவசம் இல்லை. “ஃபேனைச் சீக்கிரம் மாட்டுடா. புழுங்குது” என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார்.

வெள்ளிக்கிழமை. இன்ஜினியர் மேடத்தின் அறையில் மூன்று அலமாரி, எல்லாவற்றிலும் ஃபைல். மேஜைமேல் ஒரு பேனா, ஒரு வெள்ளைத்தாள். வெளியே பெஞ்சில் புளி உட்கார்ந்திருந்தான்.

“ஒரே ஒரு விஷயம்தான் ஃபோர்மேன். அவர் சரின்னு சொன்னாரா, இல்லையா?”

“சொன்னான்.”

“சொல்லிட்டு நிறுத்தல.”

“நிறுத்தினான் மேடம். ஆள் இறங்கினதும் நிறுத்தினான். நிறுத்திட்டு நிறுத்தியாச்சுன்னும் சொன்னான்.”

“அது நீங்க அடிபட்டதுக்கு அப்புறம்.”

“நான் இறங்கினது அதுக்கு முன்னாடி. தப்பு அங்கதான் இருக்கு.” மேஜையில் தட்டிப் பேசப் போன கையைப் பாதியில் நிறுத்திக்கொண்டார். “அவன் சரின்னா, நீ சொன்னது கேட்டுச்சுன்னு அர்த்தம். நான் சரின்னா, முடிஞ்சுதுன்னு அர்த்தம். எங்க வீட்டுல சரின்னா என்ன அர்த்தம்னு எனக்கு இன்னும் முழுசாத் தெரியல. ஒரே வார்த்தைதான். ஆளுக்கு ஆள் வேற.”

மேடம் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டாள். “குழிக்குள்ள இருக்கற சிவப்பு பட்டன்?”

“அமுக்கல.”

“அன்னிக்கு அவசரத்துல விட்டுட்டீங்களா?”

இந்தக் கேள்வியில் ஒரு சந்து இருந்தது. ஆமா என்று சொன்னால் போதும். அவசரத்தில் ஒருநாள் தவறு யாருக்கும் வருவதுதான். புளிக்கும் ஆபத்தில்லை போலத் தெரியும், இவருக்கும் ஒரு எச்சரிக்கையோடு போய்விடும். மேடம் வேண்டுமென்றே அப்படிக் கேட்டாளா, எழுதுகிற வேகத்தில் கேட்டாளா என்று தெரியவில்லை. ஆனால் அன்றைக்கு மட்டும் என்று எழுதினால், நிறுத்தியாச்சு என்கிற வார்த்தையை ஒன்பது வருஷம் அவர் கேட்காதது அதில் வராது. அது வராவிட்டால், ஃபோர்மேன் ஒருநாள் மறந்தார், மேலே இருந்தவன் தாமதம் பண்ணினான் என்று பழி ஆளுக்குப் பாதியாகிவிடும். பாதிப் பழியும் புளிக்கு முழுப் பழிதான்.

“பல வருஷமா அமுக்கறதில்ல” என்றார்.

பேனா நின்றது. “இதை எழுதிக் கொடுத்தா என்ன ஆகும்னு தெரியுமா?”

“தெரியும்.”

“யோசிச்சுக் கொடுங்க. நாளைக்குக்கூடத் தரலாம்.”

“நாளைக்குன்னா யோசிச்சிடுவேன் மேடம். பேப்பரைக் குடுங்க.”

உடைந்தது இடது கை. வலது கையால் எழுதினார். ஐந்தாவது படித்த எழுத்து, ஒவ்வொன்றும் ஸ்பேனர் அளவுக்கு இருந்தது. ஒரு பக்கத்தில் அடங்காமல் பின்பக்கமும் போனது. எழுதும்போது ஒவ்வொரு வார்த்தையையும் சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதியதால், வெளியே பெஞ்சில் இருந்த புளிக்கு அது முழுதும் கேட்டது. அவனுக்கு மட்டும் இல்லை, அந்த மாடிக்கே கேட்டது.

திங்கட்கிழமை புளி வேலைக்குத் திரும்பினான். இடிக்கு ஒரு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. ஃபோர்மேன் பொறுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். கை சரியானதும் சாதாரண மெக்கானிக்காக வரலாம், ஒரு வருஷத்துக்குக் குழிக்குள் இறங்கக் கூடாது. பொறுப்பு வக்கீலுக்கு. கடிதத்தை மனைவி வாசித்துக் காட்டினாள். வாசித்து முடித்ததும், “போச்சா?” என்றாள். “போச்சு” என்றார். கோபத்தில் கத்தினாரா என்று பக்கத்து வீட்டுக்காரர்களைக் கேட்டால், அன்றைக்குச் சத்தமே இல்லை, அதனால் யாராவது தவறிப்போய்விட்டார்களோ என்று வந்து விசாரித்தோம் என்பார்கள்.

கட்டுப் பிரித்த மறுநாள் சாவி ஒப்படைக்கப் போனார். ஊரில் கம்பெனி பார்க்கிற லிஃப்ட்கள் நாற்பத்திரண்டு. நாற்பத்திரண்டு குழிக்கதவுச் சாவிகளும் ஒரே வளையத்தில் இருபத்தாறு வருஷமாக அவர் இடுப்பில் தொங்கியவை. எந்தச் சாவி எங்கே என்று அவர் விரலுக்குத் தெரியும். காகிதத்தில் இல்லை. வக்கீல் நோட்டை விரித்துவைத்து உட்கார்ந்தான். புளி நூலும் அட்டைத் துண்டும் வெட்டி வைத்திருந்தான்.

“இது எந்தக் கட்டடம்ணே?”

சொன்னார்.

“அங்க ரெண்டு லிஃப்ட் இருக்கே, எந்த லிஃப்ட்?”

“இடது பக்கம்.”

“உள்ள போகும்போது இடதா, வெளிய வரும்போது இடதா?”

இடி மூச்சை இழுத்து விட்டார். “உள்ள போகும்போது.”

இப்படியே போனது. ஒரு சாவிக்கு நாலு கேள்வி, சிலதுக்கு ஆறு. பத்தாவது சாவியில் அவர் குரல் ஏறியது. வக்கீல் பேனாவை மூடினான். இவர் குரலை இறக்கினார், அவன் மறுபடி திறந்தான். டீ வந்தது, ஆறியது. கேட்கக் கேட்கத்தான் தெரிந்தது, மூன்று சாவிகள் எந்த இடத்துச் சாவி என்று அவருக்கே தெரியவில்லை. இத்தனை வருஷம் யாரும் கேட்காததால் அது வெளியே வரவில்லை. அதை வக்கீல் தனிப்பக்கத்தில் எழுதிக்கொண்டான்.

முப்பத்தொன்பதாவது சாவியைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தான். “இதுல ரெண்டு பக்கமும் பல் இருக்கே. எந்தப் பக்கத்தை மேல வெச்சுப் போடணும்?”

“தெரியாது. ரெண்டையும் போட்டுப் பாப்பேன். எதுல திறக்குதோ அதுல திறக்கும்.”

“அது ஒரு பதிலாண்ணே?”

இடி வாயைத் திறந்தார். பக்கத்தில் புளி அட்டையில் நூல் கோத்துக்கொண்டிருந்த கையை நிறுத்தியிருந்தான். அதைப் பார்த்து இடி திறந்த வாயை மூடிக்கொண்டு, இரண்டாவது தடவையாகக் காத்திருந்தார். இந்தத் தடவை அவ்வளவு நேரம் ஆகவில்லை.

“பல் கம்மியா இருக்கற பக்கம் மேல” என்றான் புளி.

வக்கீல் எழுதிக்கொண்டு, “உனக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டான்.